வெளியே 18, அலமாரிக்குள் 34: கொடைக்கானலில் செடிப்பெட்டி ஏன் இப்படிச் சூடாகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வீடு. இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நாலடி உயரமுள்ள பழைய ப்ளைவுட் அலமாரியைச் செடி வளர்க்கும் பெட்டியாக மாற்றியிருக்கிறீர்கள். மேலே 120 வாட் எல்இடி விளக்கு, ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரிகிறது. கீழே 15 லிட்டர் தொட்டியில் சத்துநீர், அதற்குள் மூழ்கிக் கிடக்கும் 20 வாட் பம்ப், காற்றைக் கலக்க ஒரு குட்டி ஃபேன். போட்டிருப்பது லெட்டூஸ் என்ற சாலட் கீரை. அறையில் 18 டிகிரி, நீங்களே ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். கதவைச் சாத்திய அலமாரிக்குள் 34. நாலாவது வாரத்திலேயே செடி தண்டு விட்டு, அதாவது பூக்கத் தயாராகி நடுத்தண்டு நீண்டு, இலை கசக்கிறது. உள்ளே தெர்மோகோல் ஒட்டலாமா, பெல்ட்டியர் கூலர் (கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) வாங்கலாமா, அல்லது சின்ன ஏசியே வைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மூன்று யோசனையும் குளிரை உண்டாக்குவதையோ காப்பாற்றுவதையோ பற்றியவை. உங்கள் ஊரில் குளிருக்கா பஞ்சம்? ஜன்னலைத் திறந்தால் காசில்லாமல் வருகிறது. அதனால் கேள்வியை நான் இப்படி மாற்றிக்கொள்கிறேன்: அலமாரிக்குள் உண்டாகும் சூட்டை எப்படிக் குறைப்பது, மிச்சத்தை எந்த வழியாக அனுப்புவது?

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். கார்னேஷனும் உருளைக்கிழங்கும் கண்ணாடிப் புட்டிகளில் வளரும். அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டுக்குத் தட்டு டியூப் லைட். டிசம்பரில் வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். அங்கே வேறு வழியில்லை. வெளிக்காற்றை உள்ளே விட்டால் பூஞ்சை விதைகளும் கூடவே வந்து மொத்தப் புட்டிகளையும் கெடுத்துவிடும். அறையை மூடியே வைத்து 25 டிகிரியில் நிறுத்தியாக வேண்டும். உங்கள் லெட்டூஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கதவைத் திறக்கலாம் என்பதுதான் உங்களிடம் இருக்கும் பெரிய வசதி. அதை விட்டுவிட்டு ஏசி விலை விசாரிக்கிறீர்கள்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 'எல்இடி சூடாகாது' என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். பழைய சோடியம் விளக்கோடு ஒப்பிட்டால், அதே வெளிச்சத்துக்குக் கரண்ட் குறைவு, அதனால் சூடும் குறைவு. அந்த அளவில்தான் அது உண்மை. ஆனால் 120 வாட் உள்ளே போனால் 120 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். பாதிக்குப் பக்கமாக ஒளியாகக் கிளம்புகிறது. அந்த ஒளியும் இலையிலும் சுவரிலும் பட்டு உறிஞ்சப்பட்டுச் சூடாகிறது. செடி தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வது நூற்றில் சில பங்குதான். கொஞ்சம் சூடு இலையிலிருந்து நீராவியாகக் கிளம்பும்; அதுவும் பெட்டியை விட்டு வெளியேறினால்தான் கணக்கிலிருந்து கழியும். பம்பும் ஃபேனும் அப்படியே. ஆக, உங்கள் அலமாரிக்குள் கிட்டத்தட்ட 150 வாட் ஹீட்டர் ஒன்று 16 மணி நேரம் எரிகிறது. விளக்கு, செடி என்பதையெல்லாம் மறந்துவிட்டு இப்படிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்த 34 எங்கிருந்து வந்தது என்று காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஆறு பக்கமும் சேர்த்து அலமாரியின் பரப்பு சுமார் 3.7 சதுர மீட்டர். முக்கால் அங்குல ப்ளைவுட் என்று வைத்துக்கொண்டால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது அதன் வழியே மொத்தம் 9 அல்லது 10 வாட் கசியும். 150 வாட்டும் கசிந்து தீர வேண்டுமென்றால் 15, 16 டிகிரி வித்தியாசம் வேண்டும். அறை 18, அதோடு 16 சேர்த்தால் 34. ப்ளைவுட்டின் கனத்தை நானாக ஊகித்தேன், கதவிடுக்கை விட்டுவிட்டேன். விடை இவ்வளவு கச்சிதமாக வந்தது பாதி அதிர்ஷ்டம். ஆனாலும் கதை இதுதான்: உங்கள் பெட்டி சூட்டை மரத்தின் வழியாக மட்டுமே வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது.

இப்போது தெர்மோகோலை எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் வெயிலில் நிற்கும் பெட்டிக்கு அது சரி, அங்கே சூடு வெளியிலிருந்து உள்ளே வருகிறது. உங்களுக்குத் திசையே தலைகீழ். ஓர் அங்குலத் தெர்மோகோல் ஒட்டினால் டிகிரிக்கு 9 வாட் கசிந்த இடத்தில் மூன்றேகால் வாட்தான் கசியும். கணக்குப்படி வித்தியாசம் 40 டிகிரிக்கு மேல் போக வேண்டும். நிஜத்தில் அதற்கு முன்பே இடுக்குகளில் காற்று பிதுங்கும், விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் தாங்காமல் அணைந்துவிடும். எப்படியானாலும் செடி பிழைக்காது. ஏற்கனவே ஒட்டியிருந்தால் இன்றைக்கே உரித்துவிடுங்கள். சூட்டு விளக்குக்குப் பக்கத்தில் தெர்மோகோல் இருப்பது தீப்பிடிக்கும் அபாயமும்கூட.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலிலேயே அதிகம் பயன்படும் விஷயம் என்று நினைக்கிறேன்: உங்கள் விளக்கு லெட்டூஸுக்கு அதிகம். ஒரு நாளில் செடியின் மேல் விழும் ஒளியை மோல் என்ற அளவில் சொல்வார்கள். லெட்டூஸுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 12 முதல் 17 மோல் போதும். நடுத்தரமான எல்இடி ஒரு வாட்டுக்கு விநாடிக்கு இரண்டேகால் மைக்ரோமோல் அளவுக்குக் கொடுக்கும். சுவரிலும் இடைவெளியிலும் வீணாவது போக 70 சதவீதம் செடிமேல் விழுகிறது என்று வையுங்கள். உங்கள் தட்டின் பரப்பு 0.37 சதுர மீட்டர். 120 வாட், 16 மணி நேரம் என்று பெருக்கினால் 29 மோல் பக்கம் வருகிறது. தேவைக்கு இரண்டு மடங்கு! விளக்கில் டிம்மர், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, இருந்தால் பாதிக்கு இறக்குங்கள். செடிக்கு 14, 15 மோல் கிடைக்கும், சூட்டில் 60 வாட் ஒரே திருப்பில் காணாமல் போகும். இதைவிட மலிவான குளிர்சாதனம் கிடையாது.

டிம்மர் இல்லையென்றால் விளக்கு எரியும் நேரத்தைப் பாதியாக்கலாமே என்று தோன்றும். மொத்த ஒளி அதே அளவு குறையும், சரிதான். ஆனால் எரிகிற அந்த எட்டு மணி நேரமும் பெட்டி 34 டிகிரியைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். விளக்கை உயரத் தூக்குவதாலும் மொத்தச் சூடு ஒரு வாட்கூடக் குறையாது. 60 வாட் விளக்காக மாற்றிக்கொள்வது உத்தமம். வாங்கும்போது பெட்டியில் அச்சடித்திருக்கும் '1000 வாட்', '600 வாட்' எதையும் நம்பாதீர்கள். சாக்கெட்டில் செருகும் மின் அளவி ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். உங்கள் 120 வாட் அப்படி அளந்ததா, பெட்டியில் படித்ததா என்று கேள்வியில் இல்லை. பெட்டியில் படித்தது என்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் அதற்கேற்ப மாறும்.

அடுத்தது டிரைவர். விளக்கோடு வரும் அந்தக் கனமான உலோகப் பெட்டி, இழுக்கும் கரண்டில் பத்தில் ஒரு பங்கு வரை தானே சூடாக்கிவிடும். வயரை நீட்டி அதை அலமாரிக்கு வெளியே வைத்துவிடுங்கள். எங்கள் கூடத்தில் பழைய 40 வாட் டியூப்கள் இருந்த காலத்தில் ஒவ்வொரு சோக்கும் பத்துப் பன்னிரண்டு வாட் தின்னும். இருநூறு டியூப் என்றால் இரண்டாயிரம் வாட்டுக்கு மேல் ஏசியின் தலையில் விழுந்தது. ஒரு கோடை முழுக்க அதோடு மல்லாடிவிட்டுக் கடைசியில் எல்லாச் சோக்குகளையும் கழற்றி வெளி நடையில் வரிசையாகப் பலகையில் அடித்தோம். ஏசி அடங்கியது. அந்த டிசம்பரிலிருந்து எல்லோரும் மத்தியானச் சோற்றை அந்த நடையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகலாம். அலமாரியின் மேற்பலகையை வெட்டிக் கண்ணாடி பதித்து, விளக்கைக் கண்ணாடிக்கு மேலே, வெளியே உட்கார வைப்பது. எல்இடியில் ஒளியாக மாறாத பாதி, முதுகிலிருக்கும் ஹீட் சிங்க் என்ற சூடு கடத்தும் உலோகத் தகடுகள் வழியாக நேரே அறைக்குள் போய்விடும். பெட்டிக்குள் ஒளி மட்டும் இறங்கும். கண்ணாடி ஒளியில் எட்டுப் பத்து சதவீதத்தைத் தின்னும், உங்களிடம்தான் உபரி இருக்கிறதே. தச்சு வேலைக்குக் கை பழகியிருந்தால் செய்யுங்கள். அரைகுறையாகச் செய்து தலைக்கு மேல் கண்ணாடி ஆடிக்கொண்டிருப்பதைவிடச் செய்யாமலிருப்பது மேல்.

மிச்சச் சூட்டை அனுப்பக் காற்றுதான் வழி, இங்கேதான் மலைக்காரர்கள் ஏமாறுவோம். ஃபேனின் பெட்டியில் நிமிடத்துக்கு இத்தனை கன அடி, அதாவது சிஎஃப்எம், என்று போட்டிருப்பார்கள். சமவெளிக் கணக்கு இது: வெளியேற்ற வேண்டிய வாட்டை 1.76ஆல் பெருக்கி, அறையைவிட எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கலாமோ அதனால் வகுத்தால் தேவையான சிஎஃப்எம் கிடைக்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றின் கனம் கடல்மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு 78தான். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வருவதற்குள் பலூன் மாதிரி உப்புவதும், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாமல் படுத்துவதும் இதனால்தான். ஃபேன் தள்ளுவது அதே கன அடிதான், ஆனால் அந்தக் கன அடிக்குள் காற்றின் எடை குறைவு, அது தூக்கிப்போகும் சூடும் குறைவு. ஆகவே உங்கள் ஊருக்கு 1.76ஐ அழித்துவிட்டு 2.24 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்காரர்கள் 2.3 என்று வைத்துக்கொள்ளலாம்.

விளக்கை 60 வாட்டுக்கு இறக்கி, பம்பையும் கீழே சொல்லப்போகும்படி அடக்கினால் மொத்தம் 70 வாட். அறையைவிட 4 டிகிரி கூடுதல் என்றால், 70ஐ 2.24ஆல் பெருக்கி 4ஆல் வகுக்க, 40 சிஎஃப்எம். நாலேமுக்கால் அங்குலக் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றின் மேல் 60, 70 என்று எழுதியிருக்கும். அது முன்னாலும் பின்னாலும் தடையில்லாமல் சுற்றும்போது. கொசுவலை, வளைவு, சின்ன ஓட்டை எல்லாம் சேர்ந்தால் பாதிதான் தேறும். அந்தப் பாதியே உங்களுக்குப் போதும், ஏனென்றால் மரத்தின் வழியே கசிவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. விளக்கைக் குறைக்காமல் பழையபடி 150 வாட் என்றால் 84 சிஎஃப்எம் வேண்டும். இரண்டு, மூன்று ஃபேன், அதற்கேற்ற இரைச்சல். வாடகை வீட்டில், ராத்திரியில், அது வேண்டாம்.

ஃபேன் மேலே, ஒரு மூலையில், காற்றை வெளியே இழுக்கிற மாதிரி. காற்று நுழையும் ஓட்டை கீழே, எதிர் மூலையில். நுழையும் ஓட்டையைப் பரப்பில் ஃபேனைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வையுங்கள். பத்தில் எட்டுப் பேர் தவறு செய்வது இங்கேதான்: மேலே நல்ல ஃபேன், கீழே சாவி நுழையும் அளவுக்கு ஒரு துளை, பிறகு ஃபேன் சரியில்லை என்று குறை. ஃபேன் ஓடும்போது கதவைத் திறக்கப்போனால் உறிஞ்சிப் பிடிக்கிற மாதிரி இருந்தால் துளை போதவில்லை என்று அர்த்தம். துளைக்குக் கொசுவலை போடுங்கள், மாதம் ஒருமுறை தட்டுங்கள். வெளியேறும் காற்று அறைக்குள்ளேயே சுற்றினாலும் 70 வாட்டுக்குப் பெரிய அறை ஒன்றும் சூடாகிவிடாது. மழைக்காலத்தில் உங்கள் ஊரில் துணி காயவைப்பது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும்; அந்தக் காற்றுக்கு எதிரே ஒரு கயிறு கட்டினால் சாக்ஸாவது காயும்.

காசே ஆகாத இன்னொரு வழி, விளக்கு எரியும் நேரத்தை ராத்திரிக்கு மாற்றுவது. சாயங்காலம் 6 மணிக்குப் போட்டு மறுநாள் காலை 10க்கு அணையட்டும். வெளியே பகலா ராத்திரியா என்று செடிக்குத் தெரியாது. தொடர்ந்து வெளிச்சம், தொடர்ந்து இருட்டு கிடைத்தால் போதும். ராத்திரி அறை 12, 13க்கு இறங்கும்போது விளக்கு பெட்டியை 17இல் பிடித்து நிறுத்தும். பகலில் விளக்கு அணைந்திருக்கும்போது அறையே 18இல் இருக்கும். நாள் முழுக்கப் பெட்டி கிட்டத்தட்ட ஒரே சீராக ஓடும். டிசம்பர், ஜனவரியில் நீங்கள் தனியாக ஹீட்டர் வைக்க யோசித்திருப்பீர்கள், அந்தச் செலவும் மிச்சம். பராமரிப்புக்காகப் பகலில் செய்யும் மின்வெட்டும் பெரும்பாலும் செடியைத் தொடாது.

வேர்ப் பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் லெட்டூஸ் நொந்துபோவது பெரும்பாலும் அங்கிருந்துதான். மூழ்கிய 20 வாட் பம்ப் தன் சூட்டை முழுக்கத் தண்ணீருக்கே கொடுக்கிறது. 15 லிட்டர் தண்ணீரை அது மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றவல்லது. வெளியே கசிவது போக எங்கோ நின்றுவிடும், ஆனால் இருக்க வேண்டியதைவிட மேலேதான் நிற்கும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. கடல்மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் 7.6. உங்கள் உயரத்தில் அதிலும் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கழித்துக்கொள்ளுங்கள்: 7.1, 5.9. சென்னையில் ஒருவர் 26 டிகிரித் தண்ணீரில் சமாளிக்கிறார் என்றால் அதே 26 உங்களுக்கு ஒத்துவராது. தண்ணீரை 22க்குக் கீழே வையுங்கள்; அதற்கு மேல் போகப்போக வேரழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பம்பை டைமரில் போட்டு மணிக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் ஓட விடுங்கள், 20 வாட் சராசரியில் 5 ஆகிவிடும். தொட்டியை அலமாரிக்கு வெளியே, தரையில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. மலை வீட்டுச் சிமென்ட் தரை எவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்று வெறுங்காலுக்குத் தெரியும்.

பெல்ட்டியர், ஏசி, ஐஸ் பாட்டில் மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மலிவாகக் கிடைக்கும் பெல்ட்டியர் கூலர் 60 வாட் இழுத்து 20, 30 வாட் சூட்டை அகற்றினால் பெரிய காரியம். 3 வாட் ஃபேன் அதைவிட அதிகம் செய்துவிடும். அதன் சூடான முதுகு பெட்டிக்குள்ளேயே இருந்தாலோ, போட்ட 60 வாட்டும் கூடுதல் சூடு. ஒரு டன் ஏசி 3,500 வாட் சூட்டை அகற்றும் எந்திரம், உங்களிடம் இருப்பது 150. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். இரண்டு லிட்டர் ஐஸ் பாட்டில் உருகி அறைச் சூட்டுக்கு வருவதற்குள் 150 வாட்டை ஒன்றரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். ராத்திரி எழுந்து பாட்டில் மாற்றுவீர்களா?

ஈரத்துணி தொங்கவிடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். கீழே, வறண்ட காற்றில், அது நன்றாக வேலை செய்யும். காற்று ஏற்கனவே நூற்றுக்குத் தொண்ணூறு ஈரமாக இருக்கும்போது ஒரு டிகிரிதான் இறங்கும், பதிலுக்குப் பெட்டி முழுக்க ஈரம். பிப்ரவரி, மார்ச்சில் காற்று காய்ந்திருக்கும் சில வாரங்களுக்கு வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

இந்த ஈரம்தான் சூடு தீர்ந்ததும் உங்கள் அடுத்த தலைவலி. நான் 4 டிகிரி கூடுதல் இருக்கட்டும் என்று கணக்குப் போட்டது சோம்பேறித்தனத்தால் அல்ல. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொடைக்கானலில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். 15 டிகிரியில் 95 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றைப் பெட்டிக்குள் 20க்கு ஏற்றினால் அதன் ஈரப்பதம் 70க்கு இறங்கிவிடும். அந்த நாலைந்து டிகிரிதான் சாம்பல் பூஞ்சையை இலைமேல் உட்கார விடாமல் வைக்கும். அதனால் பெட்டியை அறையளவுக்கே குளிர வைத்துவிட வேண்டும் என்று இன்னும் இன்னும் ஃபேன் சேர்க்காதீர்கள். விளக்கு அணைந்த பிறகும் ஃபேன் மெதுவாகவாவது ஓடட்டும். நிறுத்தினால் இலை விட்ட ஈரம் குளிர்ந்த கண்ணாடியிலும் தகரத்திலும் முத்து முத்தாகப் பூத்து, பிறகு செடிமேல் சொட்டும். உள்ளே இருக்கும் குட்டி ஃபேனையும் எடுத்துவிடாதீர்கள். லெட்டூஸின் உள்குருத்தில் ஓரம் கருகுவது, சத்துநீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்து வருவதைவிட, குருத்தைச் சுற்றிக் காற்று அசையாமல் அந்தச் சத்து மேலேறாததால் வருவதுதான் அதிகம்.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன்: அந்த 34ஐ எங்கே வைத்து அளந்தீர்கள்? தெர்மாமீட்டர் விளக்குக்கு நேர் கீழே, வெளிச்சம் படும்படி இருந்தால் அது காற்றை அளக்கவில்லை, தன் மேல் விழும் ஒளியால் தானே சூடாகி அதைக் காட்டுகிறது. இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டுவது சர்வசாதாரணம். வெள்ளைத்தாளைக் குழாயாகச் சுருட்டி, இரு முனையும் திறந்தபடி, அதற்குள் முனையைத் தொங்கவிட்டு இலை மட்டத்தில் வையுங்கள். எங்கள் கூடத்தில் நான் சேர்ந்த புதிதில், வெயில் படும் இடத்தில் தொங்கிய அளவியை நம்பி இரண்டு நாள் ஏசியைத் தேவையில்லாமல் இறக்கிவிட்டுத் திட்டு வாங்கினேன்.

எதில் எனக்கு முழு நம்பிக்கை, எதில் அரை நம்பிக்கை என்றும் சொல்லிவிட வேண்டும். வாட் அத்தனையும் சூடு என்பதும், மலைக்காற்று லேசு என்பதும், காப்பு ஒட்டினால் உங்கள் பெட்டி மோசமாகும் என்பதும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. விளக்கைப் பாதியாக்கலாம் என்பது நடுத்தர விளக்கு, 70 சதவீத ஒளி என்ற என் ஊகத்தில் நிற்கிறது. அதனால் இறக்கிய பிறகு ஒரு வாரம் செடியைப் பாருங்கள். தண்டு மெலிந்து நீண்டு இலைகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் வெளிச்சம் குறைந்துவிட்டது, கால் திருப்பு ஏற்றுங்கள். தண்டு விட்டதற்கும் கசப்புக்கும் சூடு பெரிய காரணம் என்றாலும் அது ஒன்றே காரணம் என்று பெட்டியைப் பார்க்காமல் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நீண்ட பகலும் லெட்டூஸைத் தண்டு விடத் தூண்டும், சில ரகங்களுக்கு அந்தச் சுபாவமே உண்டு. இப்போது தண்டு விட்டவை திரும்பி வராது. பிடுங்கிவிட்டுப் புதிதாக விதையுங்கள், அதுவும் பெட்டி இறங்கிய பிறகு. 30 டிகிரிக்கு மேல் லெட்டூஸ் விதை பல சமயம் முளைக்காமல் தூங்கிவிடும், விதை கெட்டது என்று நினைத்துக் குப்பையில் போடுவோம்.

கடைசி வரியில் பேசிலும் சேர்த்து வளர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது நம் திருநீற்றுப்பச்சிலை ஜாதி, சூடு கேட்கும். 25 டிகிரியில் குதூகலமாக இருக்கும், பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கினால் இலை கறுத்துவிடும். லெட்டூஸுக்காக நீங்கள் சரிசெய்யப்போகும் பெட்டியில் அது சுணங்கும். வேண்டுமானால் ஒரு தொட்டியை மேல் மூலையில், ஃபேனுக்குப் பக்கத்தில், சூடான காற்று வெளியேறும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஃபேன் வாங்கும் முன் ஒரு பரிசோதனை. விளக்கைப் பாதிக்கு இறக்குங்கள், டிரைவரை வெளியே எடுத்து வையுங்கள், அலமாரிக் கதவை நாலு விரல் அகலம் திறந்து வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாள்குழாய்க்குள் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது, அப்போது அறை எவ்வளவு, தொட்டித் தண்ணீர் எவ்வளவு என்று மூன்று எண்களையும் இங்கே எழுதுங்கள். ஒரு ஃபேன் போதுமா, இரண்டு வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.